உறைக்குள்ளே செப்டெம்பர்

அத்தியாயம் 6

செத்தவர் ஓய்வுபெற்ற ஆங்கில வாத்தியார். செத்த இடம் அவருடைய சொந்தக் கட்டில். கொன்றவள், அவருக்குச் சோறு ஊட்டி, உடுப்புத் தோய்த்து, இன்சுலின் ஊசி போட்டுப் பார்த்துக்கொண்ட பெண். இது பொலிஸ் சொல்லும் கதை. முதல் இரண்டையும் நான் நம்பினேன். மூன்றாவதைக் கஜனி நம்பவில்லை. கஜனி ஒன்றை நம்பாவிட்டால் நான் கார் ஓட்ட வேண்டும். அதுதான் என் உத்தியோகம்.

என் பெயர் நீக்கிலாப்பிள்ளை. இதை முழுதாகச் சொல்லும் பொறுமை இந்தக் கனடாவில் ஒருவருக்கும் இல்லாததால் நிக் ஆனேன். பிறம்ரனில் லொறி ஓட்டி முழங்கால் தேய்ந்தபிறகு, துப்பறியும் லைசென்ஸ் வைத்திருக்கும் இந்தக் கஜனியிடம் வந்து சேர்ந்தேன். அவள் முன்பு இன்சூரன்ஸ் கொம்பனியில் பொய் வழக்குகளைப் பிடித்தவள். என்னைவிட இருபது வயது இளையவள். ஆனால் காரில் ஏறினால் நான்தான் பின்சீற்றில் இருக்கும் பிள்ளை மாதிரி அதட்டு வாங்குவேன்.

"அண்ணை, றேடியோவைக் குறையுங்கோ."

றேடியோவில் அன்று மாலை மார்க்கம் நகரில் நடக்கப்போகும் விருது விழாவுக்கு விளம்பரம் போய்க்கொண்டிருந்தது. 'நெல்மூட்டை' நாடகத்தை எழுதிய கலைஞர் இராஜரட்ணத்துக்கு வாழ்நாள் விருது.

"அந்த நாடகம் நான் பாத்தனான் பிள்ளை. ஓசி ரிக்கற்றுக்குப் போய், அழுதுகொண்டு வந்தனான். கடைசியிலை அந்த மூட்டையைத் தள்ளுற இடம் இருக்கே..."

"நீங்கள் கல்யாண வீட்டு வீடியோ பாத்தும் அழுவியள்."

"அது என்ரை சொந்தக் கல்யாணத்து வீடியோ."

போன் அடித்தது. மிதுஷாவின் குரல் கார் முழுக்கக் கேட்டது. பொலிஸ் பிடித்துச் சிறையில் வைத்திருக்கும் அந்தப் பெண், மனோரஞ்சிதத்தின் மகள் அவள்தான். எங்களை அமர்த்தியதும் அவள்தான்.

"அன்ரி, அம்மா நாளைக்குக் காலமை குற்றத்தை ஒத்துக்கொள்ளப் போறாவாம். ஊசி அளவுக்குக் கூடப் போட்டனான், தெரியாமல் நடந்தது எண்டு சொன்னால் தண்டனை குறையுமாம். லோயரும் ஓகே எண்டுறார்."

"அவ போட்டவவா?"

"இல்லை! ஆனால் அம்மா சொல்லுறா, தனக்கு ஏலாதாம், வழக்கு இழுபட்டால் என்ரை படிப்பும் போயிடுமாம். அன்ரி, அம்மாவுக்கு இன்னும் சிற்றிசன் இல்லை. ஒத்துக்கொண்டால் ஜெயிலுக்குப் பிறகு அப்பிடியே பிளேன் ஏத்தி விட்டிடுவினம். நான் இஞ்சை தனிய..."

"நாளைக் காலமை வரைக்கும் ஒண்டுக்கும் ஓம் எண்டு சொல்ல வேண்டாம் எண்டு சொல்லு," என்றாள் கஜனி. போனை வைத்தாள். வாத்தியார் இருந்த ரூஜ் பகுதிக்கு நான் காரை விட்டேன். மட்டக்களப்பில் இருந்து தனி ஆளாக ஒரு பெண்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து, மற்றவர்களின் தகப்பன்மாரைக் கழுவித் துடைத்து வளர்த்த மனுசி, செய்யாத கொலையை ஒத்துக்கொள்ளப் போகிறாள்.

செத்துப்போன செல்வரட்ணம் மாஸ்டர், மகன் துஷாந்தின் வீட்டில் கீழ் அறையில் இருந்தவர். கதவைத் திறந்த துஷாந்த் எங்களைப் பார்த்த பார்வையில் டிசெம்பர் குளிர் பரவாயில்லை என்று தோன்றியது.

"பத்து நிமிசம்தான் அக்கா. எனக்கு மீற்றிங் இருக்கு. அந்த மனுசிக்காக நான் இதைச் செய்யேல்லை. லோயர் கேட்டவர் எண்டபடியால் விடுறன்."

அறை மாஸ்டர் இறந்த அன்று இருந்தபடியே கிடந்தது. கட்டில், நாற்காலி, சுவரில் தமிழ்க் கடைக் கலண்டர். ஒரு பக்கச் சுவர் முழுக்க அலுமாரி, அது நிறையப் புத்தகம். எல்லாம் ஒரே ஆளுடையவை. எட்வேட் ஸ்ரெயின்மோர் என்ற ஆங்கில நாவலாசிரியர், நாடகமும் எழுதியவர். மாஸ்டர் யாழ்ப்பாணத்தில் படிப்பிக்கத் தொடங்கிய காலத்தில் இருந்தே இந்த மனிதரின் பக்தர். அவர் அச்சிட்ட எதையும் விடாமல் தேடி, வெளிவந்த வரிசையிலேயே அடுக்கி வைத்திருந்தார்.

"இவ்வளவையும் ஒரு மனிசன் எழுதினவரோ?" என்றேன். "பாவம், பெண்சாதி வீட்டை விட்டுக் கலைச்சிருப்பா."

கஜனி அலுமாரியைப் பார்க்கவில்லை. நாற்காலியைப் பார்த்தாள்.

"மனோரஞ்சிதம் சொன்னது ஒண்டே ஒண்டுதான் அண்ணை. அண்டைக்கு மாஸ்டருக்கு ஊசி போட்டாச்சு. பிறகு, ஆரோ வருவினம், நீ கடைக்குப் போய் முறுக்கு வாங்கிக்கொண்டு வா எண்டு அவர் அனுப்பினவர். ஆர் வருவினம் எண்டு சொல்லேல்லை. திரும்பி வந்து பாக்க மாஸ்டர் நித்திரை. ஆனால் கட்டிலடியிலை இருந்த நாற்காலி அலுமாரிக்கு முன்னாலை நிண்டதாம். மாஸ்டராலை நாற்காலியை அரக்கி நகர்த்த ஏலாது."

"அவள் சொல்லுறதை விடுங்கோ," என்றான் துஷாந்த். "ஆரும் வரேல்லை. வந்தால் என்னட்டைச் சொல்லியிருப்பினம்."

"கொல்ல வந்தவை சொல்லிப்போட்டோ போவினம்?" என்றேன். அவன் என்னை முறைத்தான். நான் கலண்டரை ரசிக்கத் தொடங்கினேன். தாமரையில் மகாலட்சுமி நின்றாள், காலடியில் செப்டெம்பர்.

"பொலிஸ் மருந்துப் பெட்டியைப் பாத்தது," என்றாள் கஜனி. "அலுமாரியைப் பாக்கேல்லை. வந்த ஆள் அலுமாரிக்கு முன்னாலை என்ன செய்தது?"

எல்லாப் புத்தகத்துக்கும் உறை போட்டிருந்தது. வழுவழுப்பான வெள்ளைத் தாள். முதுகில் கறுப்பு மையால் ஆங்கிலத்தில் புத்தகத்தின் பெயர். கஜனி ஒன்றை எடுத்து உறையின் ஓரத்தை விரித்தாள். உள்ளே முருகன், வள்ளி, தெய்வானை. எப்போதோ மூடிப்போன ஸ்காபரோக் கடை ஒன்றின் பெயர்.

"அப்பாவின்ரை பழக்கம்," என்றான் துஷாந்த். குரல் கொஞ்சம் இளகியது. "கலண்டர்த் தாளை எறியவே மாட்டார். மாசம் முடிய முடியக் கிழிச்சு மெத்தைக்குக் கீழை வைப்பார். புதுப் புத்தகம் வந்தால் அதாலைதான் கவர். மாசம் முடிய முதல் தாளைத் தொட விடார். நாள் முடியாமல் கிழிச்சால் தரித்திரம் எண்டுவார்."

எங்கள் ஊரில் புத்தகத்துக்கு உறை போடாத வீடு இல்லை. ஜனவரி பிறந்தால் நிலத்தில் குந்தி, கழிந்த வருடத்துக் கலண்டரை வெட்டி, பள்ளிக்கூடப் புத்தகம் எல்லாவற்றுக்கும் சட்டை போட்டுவிடுவோம். கனடாவில் பிறந்த என் பிள்ளைகளுக்கு இது விளங்காது. புத்தகத்துக்கும் குளிருமோ என்று கேட்பார்கள்.

கஜனி ஒவ்வொன்றாக எடுத்து ஓரம் விரித்துப் பார்த்துக்கொண்டே போனாள். பிள்ளையார் வந்தார், நல்லூர்த் தேர் வந்தது, ஒரு நகைக்கடைக்காரர் குடும்பத்தோடு வந்தார்.

"வெள்ளைக்காரனைச் சுத்தி எங்கடை தெய்வம் முழுக்கக் காவல் நிக்குது," என்றேன். "அந்த ஆள் இங்கிலாந்திலை இப்பிடி ஒரு மரியாதை கண்டிருக்க மாட்டார்."

"அண்ணை, இஞ்சை வாங்கோ."

அவள் குரல் மாறியிருந்தது. கையில் இருந்தது ஒரு மெல்லிய புத்தகம். மற்ற உறைகள் எல்லாம் பழுத்துப்போயிருக்க, இது பால் வெள்ளை. முதுகில் எழுதியிருந்த தலைப்பு, தமிழில் சொன்னால், 'நிலக்கரி வீட்டு விருந்தாளி', ஒரு நாடகம். அவள் உறையை முழுதாகக் கழற்றினாள். கிழித்த பிசிறு ஓரம் உள்ளே மடித்துவிடப்பட்டிருந்தது. தாமரையில் மகாலட்சுமி. செப்டெம்பர். இந்த வருடம்.

நான் தாளைப் பார்த்தேன். சுவரைப் பார்த்தேன். மறுபடி தாளைப் பார்த்தேன்.

"ஒரே கடை, ஒரே லட்சுமி," என்றேன். "அதிலை என்ன புதினம்? அரை ஸ்காபரோ வீட்டிலை உதுதானே தொங்குது."

"மாஸ்டர் எப்ப செத்தவர்?"

"செப்டெம்பர் நடுவிலை."

"அவர் முடியாத மாசத்தைத் தொடமாட்டார். அவரின்ரை செப்டெம்பர் இன்னும் சுவரிலை தொங்குது. அப்ப இந்தச் செப்டெம்பர் ஆரின்ரை வீட்டுச் சுவரிலை இருந்தது?"

செத்த மனிதர் தன் புத்தகத்துக்கு உறை போட முடியாது.

கஜனி உள்ளே இருந்த புத்தகத்தைத் திறந்தாள். அதுவும் ஸ்ரெயின்மோர்தான். ஆனால் உறையில் எழுதியிருந்த நாடகம் அல்ல. எந்தப் பழைய புத்தகக் கடையிலும் கிடைக்கிற ஒரு குறுநாவல். அதே குறுநாவல் மேல் தட்டில் ஏற்கனவே இருந்தது, மாஸ்டரின் சொந்த உறையோடு. ஆக, நாடகத்தின் இடத்தில் வேறு ஒன்று வேஷம் போட்டு நின்றது.

துஷாந்த் பாய்ந்தான். "பாத்தீங்களே? களவெடுத்திருக்கிறாள்! அந்த நாடகம் உலகத்திலை சில கொப்பிதான் இருக்கெண்டு அப்பா சொல்லுறவர். எழுதின ஆளே தன்ரை நாடகம் பிடிக்காமல் திருப்பி வாங்கி எரிச்சவராம். அப்பாவுக்கு ஒரு சேர்ச் பழம் பொருள் விற்பனையிலை கிடைச்சது. அதை வித்துப்போட்டு, அப்பாவையும்..."

"மனோரஞ்சிதம் கடைசியா எப்ப இந்த வீட்டுக்கை வந்தவ, தம்பி?"

"அப்பா செத்த அண்டைக்கே வீட்டுத் திறப்பைப் பறிச்சுக்கொண்டு அனுப்பிப்போட்டன். ஒரு சொட்டுத் தேத்தண்ணிகூடக் குடுக்கேல்லை."

"பிறகு?"

"பிறகு பொலிஸ் பிடிச்சிட்டுது. அவள் இந்தப் பக்கமே..." அவன் நிறுத்திக்கொண்டான்.

"செப்டெம்பர் முடிஞ்ச பிறகுதான் இந்தத் தாள் கிழிஞ்சிருக்கு," என்றாள் கஜனி. "அதுக்குப் பிறகுதான் இந்தப் புத்தகம் இஞ்சை வந்திருக்கு. அவவாலை ஏலாது. அப்ப ஆர்?"

அவன் அந்த நாற்காலியிலேயே குந்திவிட்டான். இவ்வளவு நாளும் ஒரே ஆளை வெறுத்துக்கொண்டு இருந்தவனிடம் அந்த ஆளைப் பிடுங்கிவிட்டால், பாவம், அவனுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

"முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வீடு நிறையச் சனம்," என்றான் மெதுவாக. "இந்த அறைக்குள்ளையும் வந்து வந்து போச்சினம். நான் செத்த வீட்டிலையே சொன்னனான், அப்பாவின்ரை ஸ்ரெயின்மோர் எல்லாத்தையும் ஒண்டும் குறையாமல் லைபிரரிக்குக் குடுக்கப்போறன் எண்டு."

"அதைக் கேட்டபிறகு ஆருக்கோ அலுமாரியிலை பல்லு விழுந்த இடம் தெரியத் தொடங்கியிருக்கு," என்றேன். "கட்டின பல்லொண்டு கொண்டுவந்து வைச்சிருக்கினம்."

"அந்த நாடகத்திலை என்ன கதை, தம்பி?" என்று கேட்டாள் கஜனி.

"எனக்குத் தெரியாது அக்கா. நான் கணக்குப் படிச்சனான். அப்பா உதைப்பற்றி எத்தினை தரம் சொல்ல வந்தார், நான்தான் காது குடுக்கேல்லை."

அவன் கண் கலங்கிவிட்டது. மீற்றிங்கைப் பற்றி அவனும் பேசவில்லை, நாங்களும் நினைவூட்டவில்லை.

அந்த நாடகத்தின் இன்னொரு பிரதி நகரத்துக்குள் அரிய நூல்கள் வைத்திருக்கும் ஒரு நூலகத்தில் இருந்தது. வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள், உள்ளே இருந்து வாசிக்கலாம். எனக்குக் கோப்பிக் கோப்பையோடு உள்ளே போக அனுமதி இல்லை, கோப்பி இல்லாமல் போக எனக்கு மனமில்லை. நடைபாதையில் வாங்கிலில் குந்தியிருந்தேன். குந்தியிருந்து ஒரு கொள்கையும் தயாரித்தேன். பழம் புத்தகம் விற்கிறவன் எவனோ ஒருவன், அந்தியேட்டிச் சாப்பாட்டுக்கு வந்தவன், கைவரிசை காட்டிவிட்டான். இதுதான் கொள்கை. உறை போடத் தெரிந்த தமிழ்ப் பழம் புத்தக வியாபாரி கனடாவில் எங்கே இருக்கிறான் என்பதுதான் அதில் சின்ன ஓட்டை.

கஜனி வெளியே வந்தபோது அவள் முகம் சரியில்லை.

"பொல்லாத கதை அண்ணை. ஒரு சுரங்கத் தொழிலாளி வீடு. யுத்தத்துக்குப் போன இளைய மகன் பயந்து திரும்பி ஓடி வந்திடுறான். தகப்பன் அவனை நிலக்கரிக் குவியலுக்குப் பின்னாலை ஒரு சின்ன அறையிலை ஒளிச்சு வைக்கிறார். ஊருக்கு அவன் செத்திட்டான் எண்டு சொல்லியாச்சு. ஒவ்வொரு ஞாயிறும் ஒரு தட்டுச் சாப்பாடு கூடப் போடுவார். விருந்தாளிக்கு எண்டு சொல்லுவார். ஆருக்கும் காட்டமாட்டார்."

கோப்பி என் கையில் ஆறிப்போனது.

"மூத்தவன் சந்தேகப்படுறான்," என்றாள். "கடைசிக் காட்சியிலை..."

"கடைசிக் காட்சியிலை மூத்தவன் மறைப்பைத் தள்ளிப்போட்டு உள்ளுக்குப் பாப்பான்," என்றேன். "தம்பி எப்பவோ செத்துப்போய்க் கிடப்பான். தகப்பன் வந்து, சத்தம் போடாதை, அவன் சாப்பிடுறான் எண்டு சொல்லுவார். லைற் அணைஞ்சிடும்."

கஜனி அப்படியே நின்றாள்.

"நீங்கள் உள்ளுக்கை வரவே இல்லையே. உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நான்தான் சொன்னனே பிள்ளை. ஓசி ரிக்கற்றிலை பாத்து அழுதனான் எண்டு. அங்கை நிலக்கரி இல்லை, நெல்மூட்டை. ஞாயிறு இல்லை, வெள்ளி. மிச்சமெல்லாம் அதேதான்."

எனக்கு என் அழுகையைத் திருப்பித் தா என்று யாரிடமோ கேட்க வேண்டும்போல் கோபம் வந்தது. எங்கள் சனத்தின் சாவு என்று நினைத்து அழுதேன். அது யாரோ இங்கிலாந்துக்காரனின் சாவு, உடுப்பு மாற்றி வந்திருந்தது.

"'நெல்மூட்டை' எழுதின இராஜரட்ணம் மாஸ்டரின்ரை செத்த வீட்டிலை இரங்கலுரை செய்தவர்," என்றாள் கஜனி. "லோயர் தந்த வீடியோவிலை பாத்தனான். மாஸ்டரின்ரை ஸ்ரெயின்மோர் பைத்தியத்தைப் பற்றியே அரைமணித்தியாலம் பேசினவர். அண்டைக்கு எனக்கு அது நல்ல பேச்சாத் தெரிஞ்சது."

"அப்ப இராஜரட்ணம் வீட்டுக்கோ?"

"ஓம். வேகமா ஓடுங்கோ. ஆனால் எங்களிட்டை இருக்கிறது ஒரு தாள்தான் அண்ணை. உதை வைச்சு ஆரையும் பிடிக்கேலாது. நான் அவரோடை கதைப்பன். நீங்கள் குசினிக்குப் போங்கோ. கலண்டர் தொங்கினால் மேலை தகரப் பட்டியைப் பாருங்கோ. தாளைக் கிழிக்கேக்கை ஒரு துண்டு அதுக்குள்ளை மாட்டி நிக்கும். எங்கடை தாளின்ரை பிசிறோடை பொருந்துதா எண்டு பாருங்கோ."

இராஜரட்ணத்தின் வீட்டு வரவேற்பறையில் பொன்னாடைகளைக் கண்ணாடிக்குள் போட்டு மாட்டியிருந்தார்கள். அவர் பட்டு வேட்டியோடு விழாவுக்குத் தயாராக நின்றார். நல்ல உயரம், வெள்ளைத் தாடி, மேடையில் பேசிப் பேசிப் பதமான குரல். கஜனி, மாஸ்டரைப் பற்றிச் சில நினைவுகள் வேண்டும் என்றாள். நினைவு கேட்டால் கலைஞர்கள் மறுப்பதில்லை.

"செல்வா என்ரை ஆத்ம நண்பன்," என்று தொடங்கினார். "பாலேஸ், தேத்தண்ணி!"

நான் தண்ணீர் கேட்கும் சாட்டில் குசினிக்குள் நுழைந்தேன். அவர் மனைவி பாலேஸ்வரி அடுப்படியில் நின்றார். குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் கலண்டர். அதே கடை. அவர் தேத்தண்ணிக்குச் சீனி தேடக் குனிந்த நேரம், நான் பொக்கற்றில் இருந்து தாளை எடுத்துத் தகரப் பட்டியின் கீழே வைத்தேன். மலைத்தொடர் மாதிரி ஏறி இறங்கிய பிசிறு, பட்டிக்குள் நின்ற துண்டோடு போய் ஒட்டிக்கொண்டது.

"என்ன தம்பி செய்யிறியள்?"

கையும் மெய்யுமாக அகப்பட்டேன். பொய் ஒன்று சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் அவர் தாளை என் கையில் இருந்து வாங்கிப் பார்த்தார்.

"உது நான் போட்ட கவரெல்லோ?"

"நீங்களோ அக்கா?"

"பின்னை? இந்த மூலை மடிப்பைப் பாருங்கோ. எங்கடை கொன்வென்ற் சிஸ்டர் பழக்கினது. இவருக்கு ஒரு தாள் நேரா மடிக்கத் தெரியாது. செல்வா அண்ணை வாசிக்கத் தந்த புத்தகம், கவர் கிழிஞ்சு போச்சு, அந்தியேட்டிக்குப் போகேக்கை திருப்பி வைக்கவேணும், கெதியாப் போட்டுத் தா எண்டு நிண்டவர். கையிலை கிடந்தது போன மாசத்துத் தாள். வெள்ளைப் பக்கம் வெளியிலை வரவேணும் எண்டும் சொன்னவர். பேரை மட்டும் தானே எழுதினவர்." அவர் சிரித்தார். "உது எப்பிடி உங்களிட்டை?"

மேடையில் ஆயிரம் பேரை அழவைத்த மனிதர், ஒரு புத்தகத்துக்கு உறை போடக்கூட மனைவியைக் கூப்பிட்டிருக்கிறார். கொலையை மறைக்கிற வேலையைக்கூட வீட்டு வேலை என்று நினைத்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மனுசிக்கு நான்தான் சொல்ல வேண்டும்.

சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். புத்தகத்தை, நாடகத்தை, மனோரஞ்சிதத்தை, நாளைக் காலையை.

அவர் அடுப்பை நிறுத்தினார்.

"அந்த மனோப் பிள்ளை," என்றார், "ஒருநாள் நான் செல்வா அண்ணையைப் பாக்கப் போனநேரம், என்ரை கால் வீங்கியிருக்கிறதைக் கண்டிட்டு, கேக்காமலே இருத்தி எண்ணெய் பூசி விட்டவள். அவள்தான் செய்தவள் எண்டு இவர் சொல்ல, நானும் ஓமெண்டு தலையாட்டினனான்."

பிறகு தாளைக் கையில் பிடித்தபடி வரவேற்பறைக்குப் போனார். நான் பின்னால் போனேன். இராஜரட்ணம் ஒரு வசனத்தின் நடுவில் இருந்தார்.

"செல்வா அண்ணை செத்த அண்டைக்கு நீங்கள் ஒத்திகைக்குப் போகமுதல் அவர் வீட்டை போனனீங்கள்," என்றார் பாலேஸ்வரி.

"பாலேஸ், நீ உள்ளுக்குப் போ."

"உங்களுக்கும் சீனி வருத்தம். இன்சுலின் ஊசிப் பேனையைப் பையிலை வைச்சுத் தந்தது நான். புதுப் பேனை. வந்து பாக்க வெறும் பேனை. பழுதாப்போச்சு எண்டு சொன்னியள். நான் நம்பினனான்."

நான் வாசல் பக்கம் நகர்ந்து நின்றேன்.

இராஜரட்ணம் மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் மறுக்கவில்லை. கதிரையில் சாய்ந்து, தன் பொன்னாடைகளைப் பார்த்தார்.

"இந்த வீட்டிலை ஆருக்கும் விளங்காது," என்றார். "அந்த நாடகத்தை நான் எங்கடை மண்ணாக்கினனான். அந்த ஆள் எரிச்சுப்போட்ட சாமான் அது. நான் அதுக்கு உயிர் குடுத்தனான். செல்வா நாடக வீடியோ பாத்திட்டு என்னைக் கூப்பிட்டான். கோவமில்லை, சத்தமில்லை. நாடகம் புத்தகமா வருதாம், முன்பக்கத்திலை ஒரு வரி போடு எண்டு கேட்டான். மூலக்கதை எட்வேட் ஸ்ரெயின்மோர் எண்டு. நீ போடாட்டில் நான் விழாக்காரருக்குச் சொல்லவேண்டி வரும் எண்டான். மனோவை வழியிலை கண்டனான், தான் போட்ட ஊசி காணாதாம், மிச்சத்தை என்னைப் போடச் சொன்னவள் எண்டு சொன்னன். கையை நீட்டினான்."

"ஒரு வரிதானே," என்றார் பாலேஸ்வரி.

"என்ன?"

"ஒரு வரிதானே கேட்டவர். எழுதியிருக்கலாமே."

இராஜரட்ணம் கஜனியின் பக்கம் திரும்பினார். "பிள்ளை, பின்னேரம் விழா இருக்கு. சனம் வந்திடும். அது முடியட்டும். அதுக்குப் பிறகு என்னவும் செய்யுங்கோ. ஒரு பின்னேரம்தானே."

ஒரு பெண் சிறையில் இருந்துகொண்டு தன் வாழ்க்கையைக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கத் தயாராகிறாள். இவர் மாலை போட்டுக்கொள்ள நேரம் கேட்கிறார். எனக்கு அந்தத் தாடியைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. கஜனி என்னைக் கண்ணால் அடக்கினாள். போனை எடுத்தாள்.

"பொலிசை இஞ்சை கூப்பிடுறன் அன்ரி. நீங்கள் சொன்னதை அவையளுக்குச் சொன்னால் போதும். நீங்கள் சொல்லாட்டில் எங்களிட்டை ஒண்டும் இல்லை. இவர் இப்ப சொன்னதை நாளைக்கு இல்லையெண்டுவார்."

"இஞ்சை வேண்டாம்," என்றார் பாலேஸ்வரி. "என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ."

கோட்டை மாட்டினார். சப்பாத்துப் போட மறந்து, வீட்டுச் செருப்போடு பனிக்குள் இறங்கினார். நான் ஓடிப்போய்க் காரின் பின்கதவைத் திறந்தேன். ஏறி இருந்தார், தாள் இன்னும் கையில். கஜனி முன்னால் ஏறி, மிதுஷாவை அழைத்தாள். "அம்மாட்டைச் சொல்லு, ஒண்டும் ஒத்துக்கொள்ள வேண்டாம். நாங்கள் வாறம்," என்றாள். மறுபக்கம் அழுகைச் சத்தம் கேட்டது.

வாசலில் இராஜரட்ணம் வந்து நின்றார். பட்டு வேட்டி, வெறுங்கால்.

"பாலேஸ்!" என்று கூப்பிட்டார். மேடைக் குரல் இல்லை. சாப்பாடு கேட்கிற குரல்.

பின்னால் இருந்த மனுசியின் கை கதவுப் பிடியை நோக்கிப் போனதைக் கண்ணாடியில் கண்டேன். அவருக்கும் அது தெரிந்தது. கையை இழுத்து மடியில் வைத்து, மற்றக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி," என்றார், "கதவைப் பூட்டுங்கோ. அவர் இன்னொருக்காக் கூப்பிட்டால் நான் இறங்கிப் போயிடுவன்."

நான் நாலு கதவையும் பூட்டினேன். றேடியோவைப் பெரிதாகப் போட்டுக்கொண்டு காரை எடுத்தேன்.